கூடாரத்துக்கு ஒரு குடை

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி, பட்டுப் புடவையில் விழுந்த கறையைப் போக்குவது எப்படி, எந்தக் குக்கர் நீடித்து உழைக்கும், புளியில் வண்டு வராமலிருக்க என்ன செய்யலாம் என்பன போன்ற விஷயங்களைப் பற்றித்தான் இருக்கும். இந்த வாரம் எடுத்துக் கொண்டிருக்கும் கடிதம் அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு கூடாரத்தைப் பற்றியது. அதுவும் வேட்டைக்காரர்கள் காட்டில் அடித்துத் தங்கும் பெரிய கித்தான் கூடாரம்!

எழுதியிருப்பவர் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் குடித்தனம் செய்யும் ஒரு தமிழ்ச் சகோதரி. வேட்டைக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு முதியவரிடமிருந்து அவருடைய கணவர் அந்தக் கூடாரத்தை மலிவாக வாங்கி வந்திருக்கிறாராம். 12 அடி அகலம், 14 அடி நீளம். உள்ளே விறகு அடுப்பு வைத்துக் குளிர் காயவும் வசதி உண்டு. துணி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழசு. மேலே ஒரு மூடி போடாமல் மலைக்குக் கொண்டு போகாதீர்கள் என்று விற்றவரே எச்சரித்து அனுப்பினாராம். கடையில் விசாரித்தால், அளவெடுத்துத் தைத்த மேல்மூடிக்குக் கூடாரம் வாங்கிய பணத்தைவிட அதிகம் கேட்கிறார்கள். “ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கட்டினால் தீர்ந்தது” என்கிறார் வீட்டுக்காரர். “எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. உள்ளே குழந்தைகள் படுத்துத் தூங்க வேண்டுமல்லவா?” என்கிறார் இந்த அம்மாள்.

“வேட்டையா? சிவ சிவா!” என்று நம் வாசகிகளில் சிலர் காதைப் பொத்திக் கொள்ளக்கூடும். கவலை வேண்டாம். இவர்கள் வீட்டில் துப்பாக்கியும் கிடையாது. மான் கறியும் கிடையாது. செப்டம்பர் கடைசியில் அந்த மலைகளில் ஆஸ்பென் மரங்களின் இலைகளெல்லாம் தங்க நிறமாக மாறிச் சொரியும். அதைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் இவர்களுடைய ஆசை. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களாலும் பொழுதுபோக்கு வேட்டை முடிந்து போயிற்று. அங்கே அப்படியல்ல. அமெரிக்காவிலேயே ‘எல்க்’ என்னும் பெரிய மான் மிக அதிகமாக உள்ள மாநிலம் கொலராடோ. மாநில அரசிடம் லைசென்ஸ் வாங்கிக் கொண்டு, செப்டம்பரில் வில்லோடும், அக்டோபர், நவம்பரில் துப்பாக்கியோடும் மலை ஏறுகிறார்கள். பனிமழை தொடங்கிவிடும் காலம் அது. வாரக்கணக்கில் தங்குவதற்கு அவர்கள் நம்புவது இந்தக் கித்தான் கூடாரத்தைத்தான். பக்கச் சுவர்கள் நேராக எழுந்து, மேலே இரு புறமும் சரிந்த கூரையோடு ஒரு சின்ன ஓட்டு வீடு போலவே இருக்கும்.

சரி, அந்தப் பிளாஸ்டிக் தாள் விஷயத்துக்கு வருவோம். சகோதரியின் பயம் நியாயமானதே. அவருடைய கணவரும் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. மலிவான பிளாஸ்டிக் விரிப்பே போதும்; விலையுயர்ந்த மேல்மூடி அவசியமில்லை. ஆனால் அதைப் ‘போர்த்தி’க் கட்டக் கூடாது. போர்த்துவது வேறு, காப்பது வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாக்கி எல்லாம் சுலபம்.

ஒரு சின்ன விஷயத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் ஆவி பறக்கும் இட்லியை எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடி விடுகிறோம். அரை மணி கழித்துத் திறந்தால் என்ன? மூடியெல்லாம் வியர்த்திருக்கும், மேலே இருந்த இட்லிகள் சொதசொதவென்று ஊறிப் போயிருக்கும். அதே இட்லியை ஒரு துணியால் மூடி வையுங்கள். ஆவி துணி வழியே வெளியே போய்விடும். இட்லி பூப்போல இருக்கும். கித்தான் கூடாரம் என்பது இட்லித் துணி. பிளாஸ்டிக் என்பது டப்பா மூடி.

மனிதர்களும் இரவெல்லாம் ஆவி விட்டுக் கொண்டுதான் தூங்குகிறோம். மூச்சிலும் தோலிலுமாக ஒவ்வொருவரும் ஓர் இரவில் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரைக் காற்றில் கலந்து விடுகிறோம். நான்கு பேர் என்றால் நான்கு டம்ளர். அடுப்பில் கொதிக்கும் கெட்டில், ஈரமான காலுறைகள், பனி ஒட்டிய பூட்ஸுகள் இவற்றையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கித்தான் பருத்தித் துணி. அதன் இழைகளுக்கு நடுவே இந்த ஆவி மெள்ள மெள்ள வெளியேறிவிடும். வெளியிலிருந்து மழை பெய்தாலோ, நூல் நனைந்து ஊதி, இழைகளுக்கு இடையிலுள்ள கண்களை அடைத்துக் கொள்ளும். அதனால்தான் புதிதாக வாங்கிய கித்தான் கூடாரத்தை முதலில் ஒருமுறை நன்றாக நனைத்து உலர்த்தி எடுக்கச் சொல்கிறார்கள். நூல் ஊதி இறுகித் தையல் துவாரங்கள் அடைபட வேண்டும் என்பதற்காக.

இப்படிப்பட்ட துணியின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் போர்த்தினால் என்ன ஆகும்? உள்ளே இருந்து வரும் ஆவி போக வழியில்லாமல், குளிர்ந்த பிளாஸ்டிக்கின் அடிப்புறத்தில் பட்டுத் தண்ணீராகிக் கித்தானிலேயே இறங்கும். வெளியே ஒரு துளி மழை பெய்யாமலே கூரை நனையும். காலையில் மூடியை எடுக்காமல் அப்படியே விட்டு வைத்தால், ஓரிரு நாளிலேயே பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிடும். முதலில் ஒருவித மக்கல் வாசனை. பிறகு கறுப்புப் புள்ளிகள். அதன் பிறகு விரலால் அழுத்தினால் கிழிகிற துணி. கூடாரத்தைக் காப்பதற்காகப் போட்ட மூடியே கூடாரத்துக்கு எமனாகிவிடும்.

ஆகவே மேல்மூடிக்கும் கூடாரத்துக்கும் நடுவே காற்று ஓடுவதற்கு இடம் இருக்க வேண்டும். குறைந்தது நான்கு முதல் ஆறு அங்குலம். மூடி என்பது போர்வையாக இருக்கக் கூடாது. குடையாக இருக்க வேண்டும். குடையை யாரும் தலையோடு ஒட்டிப் பிடிப்பதில்லை அல்லவா?

இது ஒன்றும் புதிய சங்கதி அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் நம் ஊர்களில் டேரா போட்ட துரைமார்கள் இரட்டைக் கூரைக் கூடாரங்களைத்தான் விரும்பினார்கள். வெயில் மேல் கூரையோடு நின்றுவிடும். நடுவில் காற்று ஓடும். கீழ்க் கூரையின் அடியில் துரை சுகமாக உட்கார்ந்து ஜமாபந்திக் கணக்குப் பார்ப்பார். நம் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டால் கீழே உள்ள அறை குளிர்ந்து விடுகிறதே, அதுவும் இதே தத்துவந்தான்.

இன்னொரு கேள்வி. மேல்மூடி கட்டாயம் வேண்டுமா? புதிய கூடாரம், நல்ல துணி, சாதாரண மழை, இரண்டு நாள் தங்கல் என்றால் வேண்டியதில்லை. ஆனால் துணி பழசு; பனி விழும் காலம்; பைன் மரங்களிலிருந்து பிசின் சொட்டும் இடம்; உள்ளே அடுப்பு எரிந்து குழாய் வழியே பொறி பறக்கும் என்றால் மூடி அவசியந்தான். இவற்றில் பனியைத்தான் நம்மவர்கள் சாதாரணமாக எண்ணி விடுகிறோம். பஞ்சு போல விழுகிறதே, அதற்கு என்ன கனம் இருக்கும் என்று தோன்றும். கணக்குப் பார்ப்போம். உருகினால் ஓர் அங்குலத் தண்ணீர் தேறும் அளவுக்குப் பனி விழுந்தால், ஒவ்வொரு சதுர அடியிலும் ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகமான கனம் உட்காருகிறது. 12-க்கு 14 அடிக் கூடாரத்தின் மேல் இது மொத்தம் சுமார் 400 கிலோ! நான்கு மூட்டை அரிசியைக் கூரையில் ஏற்றி வைத்தது போல. சொரசொரப்பான கித்தானில் பனி ஒட்டிக் கொண்டு நகராது. வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலோ தானாகவே சறுக்கி விழுந்துவிடும். மலிவு மூடி விலையுயர்ந்த துணியைவிட மேலாக உழைக்கும் இடம் இது.

இனி, கடையில் கிடைக்கும் ரகங்களைப் பார்ப்போம்.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த நீல நிறத் தார்ப்பாய். அந்தக் காலத்து மாலுமிகள் கித்தானில் தார் பூசி மழைக்கு உபயோகித்ததிலிருந்து வந்த ஆங்கிலப் பெயரைத்தான் நாம் தார்ப்பாய் ஆக்கிக் கொண்டோம். தமிழில் கப்பலின் விரிதுணிக்கும் பாய் என்றே பெயர் இருப்பதால், பெயர் வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது. இப்போது அதில் தாரும் இல்லை, துணியும் இல்லை. 1933-ல் இங்கிலாந்தில் வேறெதற்கோ செய்த பரிசோதனையில் தற்செயலாகக் கிடைத்த பாலிதீன் என்னும் பொருளை நாடாவாக இழுத்து நெய்து, இரு புறமும் அதே பாலிதீனைப் படலமாக ஒட்டிச் செய்கிறார்கள். நீல ரகம் மிக மலிவு, ஆனால் மெலிசு. ஒரு வாரக் காற்றில் படபடவென்று அடித்துக் கொண்டு மூலைகளில் கிழிந்து போகும். ஒருமுறை போய் வருவதற்குச் சரி. வருஷா வருஷம் போகிறவர்களுக்குச் சரிப்படாது.

இரண்டாவது, அதே பாலிதீனில் கனமான ரகம். வெள்ளி நிறத்திலோ, பழுப்பு, வெள்ளை நிறங்களிலோ வரும். அமெரிக்காவில் இதன் கனத்தை ‘மில்’ என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு மில் என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீல ரகம் ஐந்து, ஆறு மில் இருக்கும். பத்து மில்லுக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. நம் ஊரில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எடைக் கணக்கில் விற்கிறார்கள். கனத்தை மட்டும் பார்த்தால் போதாது. வெயிலைத் தாங்குவதற்கான மருந்து கலந்திருக்கிறதா என்று உறையில் படித்துப் பாருங்கள். மலையுச்சி வெயில் பொல்லாதது. மருந்து கலக்காத பாலிதீன் வெயிலில் காய்ந்து, அப்பளம் போல நொறுங்கி உதிரும்.

மூன்றாவது, பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் துணி. லாரிகளில் சரக்கின் மேல் கட்டுவது இந்த இனந்தான். அளவெடுத்துத் தைத்துத் தரும் மேல்மூடிகள் பலவும் இதில் ஆனவை. பல வருஷம் உழைக்கும். ஆனால் விலை அதிகம். ஓர் ஆள் தூக்கிக் கட்ட முடியாத கனம். சுலபத்தில் தீப்பற்றாதபடி பக்குவம் செய்த ரகமும் உண்டு. சுலபத்தில் பற்றாது என்றுதான் அர்த்தமே தவிர, நெருப்பே அண்டாது என்பதல்ல.

நான்காவதாக ஒரு சிக்கன யோசனை. சாலையோரங்களில் பிரம்மாண்டமாக நிற்கும் விளம்பரத் தட்டிகளிலிருந்து கழற்றிய பழைய வினைல் விரிப்புகள் அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கின்றன. நம் ஊர் பிளெக்ஸ் பேனரின் பெரியண்ணா என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கம் சோப்பு விளம்பரம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கீழ்ப்புறமாகப் போட்டுவிட்டால் தெரியாது. துணி வெகு கெட்டி. குறை என்னவென்றால் கனம் அதிகம், கடுங்குளிரில் விறைத்துப் போகும், ஓரத்தில் கயிறு கோக்க உலோக வளையங்கள் அநேகமாக இராது.

இன்னொரு கித்தானையே மேல்மூடியாகப் போடலாமா? போடலாம், பொறி விழுந்தால் பாலிதீனைப் போல உருகி ஓட்டை விழாது. ஆனால் நனைந்தால் கனம் கூடும்; உலர நாளாகும். இரண்டு ஈரத் துணிகளைச் சுமந்து கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இரண்டாவது ரகமே இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது. மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல கயிறுக்கும் கம்புக்கும் முளைகளுக்கும் செலவிடலாம். மட்டமான துணியை ஒழுங்காகக் கட்டினால் நன்றாக உழைக்கும். உசத்தியான துணியையும் தாறுமாறாகக் கட்டினால் முதல் காற்றுக்கே போய்விடும்.

அளவு விஷயத்தில் பலர் ஏமாந்து விடுகிறார்கள். கூடாரம் 12-க்கு 14 என்றால் மூடியும் அதே அளவு போதும் என்று எண்ணக் கூடாது. கூரை சரிவானது அல்லவா? சுவர் 5 அடி, முகடு 9 அடி உயரம் என்று வைத்துக் கொண்டால், ஒரு பக்கச் சரிவு மட்டுமே 7 அடிக்குச் சற்று அதிகம் வரும். இரு பக்கமும் சேர்ந்து பதினாலரை அடி. இரு ஓரங்களிலும் தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழ ஒவ்வோர் அடி விட்டால் பதினாறரை. நீளத்தில் பின்புறம் ஓர் அடியும், முன்புறம் விறகும் செருப்பும் நனையாமல் வைக்க நான்கு அடியும் சேர்த்தால் 19. ஆகவே 18-க்கு 20 அடி விரிப்பு வேண்டும். 16-க்கு 20 என்று கடையில் கிடைக்குமே, அது போதாதா என்றால், போதாது. உறையில் போட்டிருப்பது பெரும்பாலும் வெட்டிய அளவு. ஓரம் மடித்து ஒட்டிய பிறகு நான்கைந்து அங்குலம் குறைந்துதான் கைக்கு வரும். ரவிக்கைத் துணி வாங்கும்போது தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து வாங்குகிறோமே, அந்த ஜாக்கிரதை இதிலும் வேண்டும்.

மூடி தரை வரைக்கும் தொங்க வேண்டாம். கூரைக்கு மட்டும் குடை. சுவர்கள் மூச்சு விடட்டும்.

கட்டுகிற முறை இப்படி. கூடாரத்தின் முகட்டுக் கம்புக்கு மேலே, அரை அடி உயரத்தில் தனியாக ஒரு கம்போ, விறைப்பாக இழுத்துக் கட்டிய கயிறோ போட்டு, அதன் மேல் விரிப்பைப் போட வேண்டும். விரிப்பின் கயிறுகளைக் கூடாரத்தின் முளைகளில் கட்டாமல், இன்னும் தள்ளித் தனி முளைகள் அடித்துக் கட்ட வேண்டும். அப்போதுதான் காற்று மூடியைப் பிடித்து உலுக்கினாலும் கூடாரம் அசையாது. வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு ரப்பர்த் துண்டைக் கோத்துவிட்டால், காற்று அடிக்கும்போது ரப்பர் நீண்டு கொடுக்கும், வளையம் பிய்யாது. தார்ப்பாய்கள் நடுவில் கிழிவது அபூர்வம், பிய்வதெல்லாம் வளையத்தில்தான்.

வளையம் பிய்ந்துவிட்டால்? விரிப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லை விரிப்பின் அடியில் வைத்து, முந்தானையில் காசு முடிவது போல முடிந்து, அந்த முடிச்சின் கழுத்தில் கயிற்றைக் கட்டினால், வளையத்தைவிட உறுதியாக நிற்கும். வளையமே இல்லாத விளம்பர வினைலுக்கும் இதே வழிதான். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த வித்தை, காட்டில் தங்குகிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

இப்போது அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சகோதரிகள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். விறகு அடுப்பின் புகைக்குழாய் எரியும்போது 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். பாலிதீனோ 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். ஆகவே மூடி வாங்கும் முன்பே, குழாய் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்துவிட வேண்டும். பக்கச் சுவர் வழியாக வெளியேறினால் நல்லது. குழாயை விரிப்பின் ஓரத்தைத் தாண்டித் தள்ளி நிறுத்திவிடலாம். கூரை வழியாக வெளியேறினால், அந்த இடத்தில் விரிப்பைத் தாராளமாக வெட்டி, சூடு தாங்கும் கண்ணாடி இழைத் துணியில் இதற்கென்றே விற்கும் சட்டத்தைப் பொருத்த வேண்டும். “கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, பரவாயில்லை” என்பது இங்கே உதவாது. குழாயின் உச்சி முகட்டைவிட உயரமாக இருக்க வேண்டும். அதன் வாயில் பொறி தடுக்கும் கம்பி வலை இருக்க வேண்டும்.

நெருப்பாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. சரியாக எரியாத விறகிலும் கரியிலும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலியும் அசதியுமாகத் தொடங்கி, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும். மேல்மூடியை இறக்கிக் கட்டிக் கூடாரத்தின் காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டாலும், சறுக்கி விழுந்த பனி சுவரோரம் குவிந்து அவற்றை மூடிவிட்டாலும் இந்த ஆபத்து நெருங்குகிறது. குளிருக்குப் பயந்து துவாரங்களில் துணி அடைக்கவே கூடாது. கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு வரவே கூடாது. இந்த வாயுவைக் கண்டதும் கூவி எழுப்பும் பாட்டரி மணி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. மேல்மூடிக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான். படுக்கப் போகும் முன் அடுப்பை அணைத்துவிட்டு, நல்ல கம்பளிகளை நம்பித் தூங்குவது உத்தமம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் மூடியைத் தேர்ந்தெடுப்பது போலத்தான். 1990-களின் பிற்பகுதி தொடங்கிப் பல வருஷங்கள், பட்டை துளைக்கும் ஒரு சின்ன வண்டு கொலராடோவில் லட்சக்கணக்கான ஏக்கர் பைன் காட்டைப் பட்டுப்போகச் செய்துவிட்டது. பட்ட மரங்களும், அவற்றில் தொங்கும் கிளைகளும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அப்படித் தொங்கும் கிளைக்கு அந்த நாட்டு மரம் வெட்டிகள் வைத்திருக்கும் பெயர் ‘விதவையாக்கி’. எந்தத் தார்ப்பாயும் அதைத் தாங்காது. கூடாரம் அடிக்கும் முன் தலையை நிமிர்த்தி ஒருமுறை மேலே பார்த்துக் கொள்வதற்குக் காசு செலவில்லை.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கிறது. ஈரக் கூடாரத்தை அதே பிளாஸ்டிக் விரிப்பில் சுருட்டிக் காரின் பின்னால் போட்டுக் கொண்டு வருவது சகஜம். வழிக்கு அது சரிதான். ஆனால் வீடு வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, பிரித்துப் போட்டு உலர்த்த வேண்டும். தையல் மடிப்புகளைத் தொட்டுப் பாருங்கள். துணி உலர்ந்த பிறகும் அவை ஈரமாக இருக்கும். பூசணம் கண்டால் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டி, வெறும் தண்ணீரில் துடைத்து, வெயிலில் காயப் போடுங்கள். சோப்புத் தூள் போட்டு அலசினால் துணியிலுள்ள நீர் ஒட்டாத மருந்து போய்விடும். பிளீச்சிங் பவுடர் நூலையே அரித்துவிடும். நன்றாகக் காய்ந்ததைத் துணிப் பையில் வைத்துப் பரண் மேல் போடுங்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம். தரை ஈரத்தை விட்டுக் கொண்டே இருக்கும்.

“கூடாரமும் இல்லை, கொலராடோவும் இல்லை, எங்களுக்கு இதில் என்ன?” என்று கேட்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி அடைமழைக்கு மாடியிலுள்ள விறகின் மேலும், தண்ணீர் மோட்டாரின் மேலும், வெளியே நிறுத்திய ஸ்கூட்டரின் மேலும், பழைய கட்டிலின் மேலும் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக் கட்டாத வீடு நம் பட்டணங்களில் உண்டா? மழை விட்டுப் பிரித்துப் பார்த்தால் இரும்பில் துருவும் மரத்தில் பூசணமுமாக இருக்கும். “மூடித்தானே வைத்தேன்!” என்று வருத்தப்படுகிறோம். மூடி வைத்ததுதான் தப்பு. நான்கு செங்கல்லை அடுக்கியோ, இரண்டு மூங்கிலைக் குறுக்கே வைத்தோ விரிப்பைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, அடியில் காற்று போகும்படி விட்டிருந்தால், அதே விரிப்பு அந்தச் சாமான்களைக் காப்பாற்றியிருக்கும்.

மழைக்காலத்துக்கு முன் தார்ப்பாய் வாங்கக் கடைக்குப் போகும்போது இந்த மூன்றை மட்டும் மறக்காதீர்கள். வெயில் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். மடிப்பு போக எவ்வளவு தேறும் என்று அங்கேயே விரித்து அளந்து பாருங்கள். எதன் மேல் தூக்கிக் கட்டப் போகிறீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, அதற்கு வேண்டிய கயிற்றையும் கூடவே வாங்கி வாருங்கள்.

அடுத்த வாரம்: பரணில் கிடக்கும் பழைய கம்பளிகளைப் பூச்சி அரிக்காமல் காப்பது எப்படி?